பேத்தி பாட்டியைத் தேடிப் போற கதை: ஸ்கார்லெட் படிச்சு முடிச்சேன்

நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் கடைசிப் பக்கத்தைத் திருப்புனேன். காலைல எந்திரிச்சதும் மொத வேலையா அக்காவுக்குப் போன் போட்டு, ஒம் மகள சாயங்காலம் வரச் சொல்லு, அவ கேட்ட புக்கு ரெடின்னு சொல்லிட்டேன். அவ ஒன்பதாவது படிக்கிறா, முதல் பாகத்தை ஏங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போயி நாலு நாள்ல முடிச்சுட்டு, அடுத்தது எப்ப வரும் சித்தி எப்ப வரும் சித்தின்னு மூணு மாசமா என் உசுர எடுத்துட்டா.

புக்கு பேரு ஸ்கார்லெட். எழுதுனவங்க மரிஸ்ஸா மேயர், அமெரிக்காக்காரங்க. லூனார் கிரானிக்கிள்ஸ்னு ஒரு வரிசை, அதுல ரெண்டாவது. சிண்டர் 2012ல வந்துச்சு, இது 2013ல வந்துச்சு, அதனால புதுப் புக்கு இல்ல, நான்தான் லேட்டு. சிண்டர் எனக்கு மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழால கெடச்சது. ரெண்டாவது பாகத்தை எங்க தேடியும் காணோம், ஆன்லைன்ல பாத்தா வெலை கட்டுப்படி ஆகல, கடைசில டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழைய புக்கு போடுற ஒரு கடைல கேட்டப்ப கடைக்கார அண்ணே, இங்கிலீஷ் கதைப் புக்கெல்லாம் அந்தச் சாக்குல கெடக்கு, நீயே தேடிக்க தாயின்னு விட்டுட்டாரு. உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்து வச்சேன், முக்கா மணி நேரம், சாக்கோட அடில கெடந்துச்சு, அட்டை ஓரம் மடங்கி, உள்ள பக்கம் எல்லாம் சுத்தமா. 120 ரூபா. அந்தக் காசுக்கு நானூத்தம்பது பக்கக் கதை, எனக்கு இந்த வருசத்துல இதவிட நல்ல செலவு எதுவும் இல்ல.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாம சின்னப் புள்ளைல கேட்ட வெளிநாட்டு தேவதைக் கதைங்கள எடுத்து, வெகு காலம் கழிச்சு நடக்குற சயின்ஸ் பிக்‌ஷனா மாத்தி எழுதிருக்காங்க. சிண்ட்ரெல்லாவுக்கு சிண்டர், செவப்புத் தொப்பிக்காரிக்கு ஸ்கார்லெட், கோபுரத்துல கூந்தல் வளத்த ரபுன்ஸலுக்கு மூணாவது பாகம் க்ரெஸ், ஸ்னோ ஒயிட்டுக்கு நாலாவது பாகம் வின்டர். தனித்தனிக் கதை கெடையாது, நாலும் ஒரே கதை, ஒவ்வொரு பாகத்துலயும் ஒரு பொண்ணு புதுசா வந்து சேருவா. 2008 நவம்பர்ல, ஒரே மாசத்துல நாவல் எழுதுற சவால் ஒண்ணு அங்க அப்ப நடந்துக்கிட்டு இருந்துச்சுல்ல, அதுலதான் மொத மூணு பாகத்தோட முதல் வரைவும் எழுதுனாங்களாம். ரெண்டாவது பாகத்தைப் படிக்கும்போது அது தெரியுது, ஏன்னா முதல் பாகம் ஓடுனதால இழுத்துக் கட்டுன கதை மாதிரி எங்கயும் இல்ல, முதல்லயே இவ இருந்திருக்கா.

முதல் பாகம் படிக்காதவங்க இந்தப் பத்திய மட்டும் தாண்டிப் போயிருங்க. சிண்டர் நியூ பெய்ஜிங்குல மெக்கானிக், பாதி எந்திரம் பாதி மனுசி, சித்தி கொடுமை உண்டு, இளவரசன் உண்டு, நடன விருந்து உண்டு, கண்ணாடிச் செருப்புக்குப் பதிலா எந்திரக் காலே படிக்கட்டுல கழண்டு விழும். நிலாவுல ஒரு தனி நாடு, அங்க லெவானான்னு ஒரு ராணி, அந்த நிலாக்காரங்களால எதுத்தாப்புல நிக்கிறவங்க கண்ணையும் மனசையும் மயக்க முடியும். பூமில லெட்டுமோசிஸ்னு ஒரு கொள்ளை நோய். கடைசில சிண்டர் ஜெயிலுக்குள்ள. அந்த இடத்துல முதல் பாகத்தை முடிச்சுட்டு எழுதுனவங்க போயிட்டாங்க, நான் புக்க மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மாவே உக்காந்திருந்தேன்.

அதனால ரெண்டாவது பாகத்தைத் தொறந்தா நேரா ஜெயிலுக்குள்ளதான் போவாங்கன்னு நெனச்சேன். போகல. பிரான்ஸ்ல ரியூன்னு ஒரு சின்ன ஊரு, ஸ்கார்லெட் பெனுவான்னு பதினெட்டு வயசுப் பொண்ணு, தோட்டத்துல வெளஞ்ச காய்கறிய தன்னோட டெலிவரி கப்பல்ல, அதாவது பறக்குற வண்டில, ஏத்திக்கிட்டு ஒரு சாராயக்கடை சாப்பாட்டுக்கடைக்குச் சப்ளை பண்ண வர்றா. இறங்குற நேரத்துல போலீஸ்ல இருந்து மெசேஜ் வருது. காணாமப் போன ஒங்க பாட்டி கேஸ முடிச்சுட்டோம், அவங்களாத்தான் போயிருக்கணும்னு. பாட்டி காணாமப் போயி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. ஊர்ல எல்லாரும் அந்தக் கெழவிக்குக் கொஞ்சம் கிறுக்கு, எங்கயாச்சும் போயிருக்கும்ங்குறாங்க. இவ மட்டும் இல்லங்குறா.

எனக்கு அந்த மொத அத்தியாயத்துலயே தொண்டை அடச்சுருச்சு. எங்க அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம் கெணத்துப் பாசனத்துல தக்காளியும் கத்தரிக்காவும் போட்டவங்க. நான் ஆறாவது வரைக்கும் அவங்ககிட்டதான் வளந்தேன். அப்ப எல்லாம் காய்கறி மார்க்கெட்டு கோயிலுக்குப் பக்கத்துலயே வடக்கு ஆவணி மூல வீதில இருந்துச்சு, விடியறதுக்கு முன்னாடி கூடையோட பஸ் ஏறுவாங்க, நானும் தொத்திக்கிட்டுப் போயிருக்கேன். இப்ப மார்க்கெட்டு மாட்டுத்தாவணிக்குப் போயிருச்சு, சித்தப்பா குட்டியானைல லோடு கொண்டு போறாரு. ஸ்கார்லெட் பின் வாசல்ல வண்டிய நிறுத்தி, பெட்டிய இறக்கி, கடைக்காரன்கிட்ட பேசுறத படிக்கும்போது அந்த வண்டி பறக்குதுங்குறதே எனக்கு மறந்து போச்சு, மார்க்கெட்டு வாசனைதான் வந்துச்சு, ஈரச் சாக்கும் கொத்தமல்லியும் கலந்து அடிக்குமே அந்த வாசனை. இவ்வளவு தூரத்து எதிர்காலத்துலயும் ஒருத்தி தக்காளி வெளைய வச்சு வித்துதான் பொழைக்கிறாங்குறது, சயின்ஸ் பிக்‌ஷன்ல எனக்கு இதுக்கு முன்னாடி கெடைக்காத ஒரு சந்தோசம்.

அந்தக் கடைலதான் உல்ஃப் வர்றான். பேரே அதான், ஓநாய். தெருச் சண்டை போட்டுப் பொழைக்கிறவன், கை காலெல்லாம் தழும்பு, தக்காளி தின்னு பழக்கமே இல்லாதவன், ஆள் பேசுனா குரல் தாழ்ந்து கூச்சமா பேசுவான், கோவம் வந்தா வேற ஆளு. பாட்டியத் தேட நான் ஒதவுறேன்னு கூட வர்றான். நம்ம ஊருல சொல்லுவாங்கள்ல, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்னு. அதையேதான் நானும் நெனச்சுக்கிட்டே படிச்சேன். படிக்கிறவங்களுக்குத் தெரியும், இது செவப்புத் தொப்பிக் கதை, பாட்டி வீட்டுப் பாதைல ஓநாய நம்புனா என்ன ஆகும்னு ரெண்டாங் கிளாஸ் புள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த எடவெளிலதான் மொத்தப் புக்கும் ஓடுது. அவன் கதவத் தொறந்து விட்டா சந்தேகம், சாப்பாடு குடுத்தா சந்தேகம், காப்பாத்துனாக்கூட எதுக்காகக் காப்பாத்துறான்னு சந்தேகம். அக்கா மக நடுவுல ஒரு நாள் போன் பண்ணி, கதை சொல்லாத சித்தி, அவன் நல்லவனா கெட்டவனா அத மட்டும் சொல்லுன்னா. என்னால சொல்ல முடியல, ஏன்னா அப்ப நான் எரநூறாவது பக்கத்துல இருந்தேன், எனக்கே தெரியல. இப்ப முடிச்சுட்டேன், இப்பவும் ஒரே வார்த்தைல சொல்லத் தெரியல.

பாரிஸுக்கு ரெண்டு பேரும் ட்ரெயின்ல போற பகுதி இருக்கு. அத நான் வைகை எக்ஸ்பிரஸ்ல படிச்சேன், வேணும்னே பண்ணல, சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம், அப்படி அமைஞ்சுருச்சு. திண்டுக்கல் தாண்டுற வரைக்கும் எல்லாம் அமைதியா போயிட்டிருந்துச்சு, புக்குலயும் ஜன்னல்லயும். அப்பறம் புக்குல ட்ரெயின நிறுத்திட்டாங்க, யாருக்கோ கொள்ளை நோய், எல்லாரும் பொட்டிக்குள்ளயே இருங்க, யாரும் எறங்கக் கூடாதுன்னு அறிவிப்பு. 2020ல நாம வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தத அனுபவிச்சவங்களுக்கு அந்த அறிவிப்ப படிக்கும்போது கை சில்லுன்னு ஆகும். இந்தப் புக்கு வந்து ஏழு வருசம் கழிச்சுதான் அந்தக் காலமே வந்துச்சுங்குறத யோசிச்சுப் பாருங்க. அவங்க ரெண்டு பேரும் அதுல இருந்து எப்படித் தப்பிக்கிறாங்கங்குறத நான் படிச்சு முடிக்கும்போது திருச்சி வந்துருச்சு, பக்கத்து சீட்டு அம்மா, ஏம்மா காப்பி கேட்டியே, ஆறிப் போச்சேன்னாங்க.

இன்னொரு பக்கம் சிண்டர். ஜெயில்ல இருந்து தப்பிக்கிறா, தப்பிக்கிற வழில தோர்ன்னு ஒருத்தனோட அறைக்குள்ள போயி விழுந்துர்றா. அமெரிக்கப் படைல இருந்து விண்கப்பலத் திருடிட்டு ஓடுன ஆளு, தன்ன எல்லாரும் கேப்டன்னு கூப்புடணும்னு எதிர்பாப்பான், வாய் ஓயாது, அழகன்னு அவனுக்கே ரொம்ப நெனப்பு. எனக்கு இந்த மாதிரி ஆளுங்கள கதைல பாத்தாலே பிடிக்காது, ஆனா இவன பிடிச்சுப் போச்சு. ஏன்னா இவன் பேசுறதுக்கு நடுவுல நடுவுல சிண்டர் தன் வேலைய பாத்துக்கிட்டே இருப்பா, கையில ஸ்க்ரூ ட்ரைவரோட, அவ மெக்கானிக்குங்குறத எழுதுனவங்க எந்த இடத்துலயும் மறக்கல. அப்பறம் ஐகோ. முதல் பாகத்துல அந்தக் குட்டி ரோபோவ அக்கக்கா பிரிச்சுப் போட்டப்ப அழாதவங்க இருக்க முடியாது, அதோட குணமெல்லாம் இருக்குற சிப்ப மட்டும் சிண்டர் எடுத்து வச்சிருப்பா. அந்தச் சிப்பு இதுல எங்க போயி சேருதுன்னா, முழு விண்கப்பலுக்குள்ள. கப்பலே ஐகோ. லைட்டு அவதான், கதவு அவதான், வெக்கப்பட்டா கப்பலுக்குள்ள சூடு ஏறும். எனக்கு ஒடம்பு எவ்வளவு பெருசாயிருச்சு பாருன்னு அவ வருத்தப்படுற இடம் சிரிப்பா ஆரம்பிச்சு, ரெண்டு பக்கத்துல அவ மேல அம்புட்டுப் பாசமா மாறிரும்.

அந்தக் கப்பல் பேரு ராம்பியன். மேற்க அது ஒரு கீரையோட பேரு. ரபுன்ஸல் கதைல வயித்துப் புள்ளைக்காரி மந்திரக்கெழவி தோட்டத்துல இருந்து ஆசப்பட்டு சாப்புடுறது அந்தக் கீரைதான், ரபுன்ஸலுக்குப் பேரு வந்ததே அதுலதான். அப்ப அடுத்த பாகம் யாரப் பத்தின்னு இந்தப் பாகத்துலயே கப்பல் மேல எழுதி வச்சுட்டாங்க. இதக் கண்டுபிடிச்சப்ப ராத்திரி பதினோரு மணி, எழுப்பிச் சொல்ல ஆளு இல்லாம நான் மட்டும் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

மூலக்கதையப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி இவங்க பண்ணது எவ்வளவு பெரிய வேலைன்னு புரியாது. செவப்புத் தொப்பிக் கதைய மொதல்ல அச்சுல போட்டவரு பிரான்ஸ்ல சார்ல் பெரோ, 1697ல. அதுல காப்பாத்த யாரும் வர மாட்டாங்க. ஓநாய் பாட்டியத் தின்னுரும், பேத்தியையும் தின்னுரும், கதை முடிஞ்சுரும், அதுக்குக் கீழ அழகான புள்ளைகளே, முன்னப் பின்ன தெரியாதவன்கிட்ட பேசாதீங்கன்னு ஒரு புத்திமதி. வேட்டைக்காரன் வந்து ஓநாய் வயித்தக் கிழிச்சு ரெண்டு பேரையும் வெளிய எடுக்குறதெல்லாம் ஜெர்மனில கிரிம் சகோதரங்க 1812ல போட்ட வடிவம், நாம பள்ளிக்கூடத்துல படிச்சது அதத்தான். ஆக ஒண்ணுல அந்தப் பொண்ணு சாகுறா, இன்னொண்ணுல ஒரு ஆம்பள வந்து காப்பாத்துறான். ரெண்டுலயும் அவ எதையும் செய்யல, கூடையத் தூக்கிட்டுப் போறா, ஏமாறுறா, அவ்வளவுதான். ரெண்டுலயும் பாட்டி அவளவிட மோசம், படுத்தே கெடக்கும்.

இங்க பாட்டி பேரு மிஷெல் பெனுவா. படைல விமானியா இருந்தவங்க. தோட்டம் போட்டுக்கிட்டு, கோழியப் பாத்துக்கிட்டு, பேத்திக்குத் துப்பாக்கி பிடிக்கக் கத்துக் குடுத்தவங்க. அவங்ககிட்ட ஒரு ரகசியம் இருக்கு, அதுக்காகத்தான் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இந்தப் பேத்தி பாட்டிக்கு ரொட்டி குடுக்கப் போகல, பாட்டிய மீட்டுக்கிட்டு வரப் போறா. எனக்கு இந்தப் புக்கோட உசுரு இதுலதான் இருக்கு, விண்கப்பலும் காதலும் எல்லாம் அப்பறம்தான். பேரப்புள்ளைங்க கண்ணுக்குப் பாட்டின்னா எப்பவும் அடுப்படி, சுருக்குப்பை, வெத்தலை, கதை. அவங்களுக்கும் ஒரு எளவயசு இருந்துச்சு, அதுல நமக்குத் தெரியாத ஊரும் ஆளும் இருந்தாங்கங்குறது நமக்குத் தோணுறதே இல்ல. ஸ்கார்லெட் தேடத் தேட, ஒவ்வொரு கதவா தொறந்து, தன்ன வளத்தவங்களப் பத்தி தனக்கு எவ்வளவு கொஞ்சம் தெரியும்னு புரிஞ்சுக்கிட்டே போறா. எங்க அப்பத்தா கல்யாணத்துக்கு முன்னாடி பஞ்சாலைல வேல பாத்தாங்கங்குறது அவங்க செத்து பதினாறாம் நாள், அவங்க தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்து வருசம் அவங்க மடிலயே கெடந்தும் ஒரு தடவகூட நான் கேக்கல. அதனால அந்தப் பாரிஸ் பகுதில நான் வாசிச்சது ஸ்கார்லெட் கதைய மட்டும் இல்ல. அங்க என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க, பக்கத்துல ஒரு துண்டு வச்சுக்கங்க.

சயின்ஸ் பக்கம் எப்படின்னு கேட்டா, இது ராக்கெட் கணக்கு போடுற புக்கு இல்ல. ஆனா மந்திரத்த எல்லாம் ஒரு கட்டுக்குள்ள கொண்டு வந்திருக்காங்க. மயக்குற சக்தின்னா ஒடம்புல ஓடுற மின்சாரத்தப் பிடிச்சு ஆட்டுறது, அது எல்லா நிலாக்காரங்களுக்கும் ஒரே அளவு இருக்காது, சிலருக்கு சுத்தமா இருக்காது. ஓநாய் எப்படி மனுச வேசம் போட்டுச்சுங்குற பழைய கேள்விக்கு இதுல வர்ற பதிலு, மரபணுவ மாத்தி, சின்னப் புள்ளைல பிடிச்சுட்டுப் போயி வளத்தது. வேசம் போட்ட ஓநாயா இருந்தா வெறுத்துட்டுப் போயிரலாம், ஓநாயா ஆக்கப்பட்ட பையன என்ன பண்றது? அந்தக் கேள்விதான் என்னை ரெண்டு நாள் தூங்க விடல.

கொறை இல்லாம இல்ல. காதல் ரொம்ப வெரசா வந்துருது, கதைல நடக்குறது மொத்தமா சில நாளுதான், அதுக்குள்ள உசுரையே குடுக்குற அளவுக்குன்னா எனக்கு நம்புறதுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, இன்னும் ரெண்டு வாரம் அவங்கள நடக்க விட்டிருக்கலாம். முதல் பாகத்து இளவரசன், கைன்னு (Kai) பேரு, இப்ப பேரரசர், அவரு வர்ற அத்தியாயம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, அவரு ரூமுக்குள்ள நடக்குறாரு, கவலப்படுறாரு, யாரோ வந்து கெட்ட சேதி சொல்றாங்க, மறுபடி கவலப்படுறாரு. முதல் பாகத்துல அவருகிட்ட இருந்த கலகலப்பு இதுல இல்ல, நாட்டு நெலைமை அப்படிங்குறது புரியுது, ஆனாலும் அந்தப் பக்கம் வந்தா நான் வெரசாத்தான் தள்ளுனேன். அப்பறம் சிண்டரும் ஸ்கார்லெட்டும் முக்காவாசிக் கதை வரைக்கும் சந்திக்கிறதே இல்ல. ஒரு அத்தியாயம் பிரான்ஸ், ஒரு அத்தியாயம் கப்பல்னு மாத்தி மாத்திப் போறதால, ஸ்கார்லெட் உசுருக்குப் போராடுற இடத்துல டக்குனு கப்பல் ரிப்பேருக்குப் போயிருவாங்க, எனக்கு புக்க வீசணும்போல இருந்துச்சு. ஆனா ரெண்டு கதையும் ஒரு இடத்துல முட்டும்போது அதுக்காகக் காத்திருந்தது வீண் போகல.

முதல் பாகத்தையும் இதையும் வச்சுப் பாத்தா எது ஒசத்தின்னா, எனக்கு இதுதான். சிண்டர்ல கடைசி திருப்பத்த நான் பாதிலயே கண்டுபிடிச்சுட்டேன். இதுல ரெண்டு எடத்துல நான் நெனச்சது தப்பாப் போச்சு. ஸ்கார்லெட்டுக்குக் கோவம் சட்டுனு வருது, சாராயக்கடைல டிவில சிண்டரக் காட்டி எல்லாரும் கேலி பண்ணும்போது, முன்னப் பின்ன தெரியாத அந்தப் பொண்ணுக்காக மேசை மேல ஏறி ஒயரப் புடுங்கிப் போடுறா. தப்பா முடிவெடுக்குறா, அந்தத் தப்பையும் தானே சுமக்குறா. செவப்புத் தொப்பியும் உண்டு, சாதா செவப்பு ஹூடி, அழுக்காகி, கிழிஞ்சு, அவ அத ஒட்டுப் போட்டு மறுபடி போட்டுக்குறா.

படிக்க நெனக்கிறவங்களுக்கு ரெண்டு விசயம். கண்டிப்பா சிண்டர் படிச்சுட்டுத்தான் இதுக்கு வரணும், நேரா இதுல குதிச்சா பாதி புரியாது. இங்கிலீஷ் ரொம்ப எளிசு, தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்களும் தைரியமா ஆரம்பிக்கலாம், நானே அப்படித்தான், பிரெஞ்சுப் பேருங்கதான் மொத அம்பது பக்கம் வாயில நொழையாது, அப்பறம் பழகிரும். ரத்தம், அடிதடி, சித்திரவதை கொஞ்சம் இருக்கு, பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பொரட்டிப் பாத்துருங்க. காதல் உண்டு, முத்தத்தோட சரி, ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு யோசிக்காம குடுக்கலாம். கேட்டுப் படிக்கிறவங்களுக்கு ஆடியோ புக்கும் இருக்கு, ரெபெக்கா சோலர்னு ஒருத்தவங்க வாசிச்சிருக்காங்க.

இத எழுதிக்கிட்டு இருக்கும்போதே அக்கா மக வந்துட்டா. பேக்கக்கூட எறக்கல, புக்க வாங்கி மோந்து பாத்துட்டு கடைசிப் பக்கத்தைத் தொறக்கப் போனா, கையப் பிடிச்சுக்கிட்டேன். "சித்தி, பாட்டி கெடச்சுருவாங்களா, அத மட்டும் சொல்லு"ன்னா. "நீ மொதல்ல ஒங்க பாட்டிக்குப் போன் போட்டுப் பேசிட்டு வா, அப்பறம் படி"ன்னேன். என்னய ஒரு மாதிரி பாத்துட்டு, வாசல்ல போயி நின்னு எங்க அம்மாவுக்குப் போன் போட்டா. இருவது நிமிசம் ஆச்சு, இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கா. நான் நாளைக்கு டவுன்ஹால் ரோட்டுக்குப் போறேன், அந்தச் சாக்குல க்ரெஸ் இருக்கான்னு பாக்கணும்.